ஜெலுத்தோங்கிலிருந்து பாயான் லெப்பாஸ் வேலைக்குப் போக எந்த சைக்கிள் வாங்கலாம்?

ஜெலுத்தோங்_மாடி9

வணக்கம் அண்ணன்மாரே, அக்காமாரே. பினாங்குத் தீவில், ஜெலுத்தோங்கில் அடுக்குமாடி வீடு, பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் வேலை. ஒரு வழிக்குப் பத்துப் பதினோரு கிலோமீட்டர் வரும். இதுவரை மோட்டாரில்தான் போய் வருகிறேன். இனி வாரத்தில் பாதி நாளாவது சைக்கிளில் போவது என்று முடிவு செய்துவிட்டேன். உடம்புக்கும் நல்லது, சாயங்கால நெரிசலில் புகையைக் குடித்துக்கொண்டு நிற்பதும் குறையும்.

பள்ளிக்கூடக் காலத்துக்குப் பிறகு சைக்கிள் மிதித்ததில்லை. உயரம் 168 செ.மீ. மடிக்கணினி, மாற்று உடுப்பு, டிபன் கேரியர் மூன்றும் கொண்டு போக வேண்டும். ரொம்ப நேரம் குனிந்திருந்தால் இடுப்பு பிடித்துக்கொள்ளும். கையில் 2,000 வெள்ளி (ரிங்கிட்) இருக்கிறது.

கடையில் மூன்று வகை காட்டினார்கள்: முன்னால் ஷாக் (அதிர்வு தாங்கி) வைத்த மலை சைக்கிள், ஹேண்டில்பார் கீழே வளைந்த ரோட் பைக், 20 அங்குல மடக்கு சைக்கிள். மலை சைக்கிள்தான் வசதி என்று கடைக்காரர் சொல்கிறார். தினமும் வேலைக்கு சைக்கிளில் போகிறவர்கள் சொன்னால் தைரியமாக வாங்குவேன்.

கரையோரம்

தம்பி, அந்த மூன்றையும் கொஞ்சம் ஒதுக்கி வைத்துவிட்டு, முதலில் நீங்கள் போகப்போகிற பாதையைப் பாருங்கள். நான் குளுகோரிலிருந்து அதே பக்கம்தான் போகிறேன்.

தீவின் கிழக்குக் கரை கிட்டத்தட்ட சமதளம். ஆயர் ஈத்தாம், பாயா தெருபோங் பக்கம் வீடு என்றால் ஏற்றத்துக்குத் தனியாகக் கணக்குப் போட வேண்டும். உங்களுக்கு அந்தக் கவலை இல்லை. கர்பால் சிங் டிரைவ் பக்கம் கடலோரமாக இறங்கி, துன் டாக்டர் லிம் சோங் இயூ விரைவுச்சாலையை ஒட்டிய சைக்கிள் பாதையில் தெற்கே போனால், பாலத்தைத் தாண்டி குயின்ஸ்பே பக்கம் வந்துவிடலாம். ஆனால் அந்தப் பாதை ஒரே சீராக இருக்காது. சந்திப்பு வரும் இடங்களில் துண்டாகும், விளிம்புக் கல்லில் ஏறி இறங்க வேண்டியிருக்கும், மணல் கிடக்கும், மரவேர் தரையைத் தூக்கியிருக்கும். குயின்ஸ்பேக்கு அப்புறம் தொழிற்பேட்டைக்குள் லோரிகளோடு சாலையில்தான் போக வேண்டும்.

இந்தப் பாதைக்கு ரோட் பைக்கின் 25, 28 மி.மீ. டயர் ஒத்துவராது. அதில் காற்றை இறுக்கி அடிக்க வேண்டும், ஒவ்வொரு கல்லும் நேராக இடுப்புக்கு வரும். அதோடு குனிந்த நிலை வேறு. மலை சைக்கிளின் முள் டயர் தார்ச்சாலையில் இரைந்துகொண்டே உங்கள் பலத்தைத் தின்னும். நடுவில் ஒரு வகை இருக்கிறது, கடையில் ஹைபிரிட் அல்லது சிட்டி பைக் என்று கேளுங்கள். ஷாக் இல்லாத ஃபோர்க் (முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் கவை), நேரான அல்லது லேசாகப் பின்னால் வளைந்த ஹேண்டில்பார், 700சி என்ற பெரிய அளவு சக்கரத்தில் 35 முதல் 42 மி.மீ. வரை வழுவழுப்பான டயர். இதுதான் உங்களுக்கு.

இன்னொன்று, கடையில் யாரும் எடுத்துச் சொல்லமாட்டார்கள். பின் சக்கரத்து அச்சுக்குப் பக்கத்தில் ஃபிரேமில் திருகு ஓட்டை இருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். சீட்டுக்குக் கீழே இரு பக்கமும் இன்னொரு ஜோடி இருக்க வேண்டும், ஃபோர்க்கின் அடியிலும் வேண்டும். மட்கார்டும் கேரியரும் அதில்தான் உட்காரும். எவ்வளவு அழகான சைக்கிளாக இருந்தாலும் அந்த ஓட்டை இல்லை என்றால் வேலைக்கு வாங்க வேண்டாம்.

ரெலாவ்_மேடு

ஷாக் வேண்டாம் என்று அண்ணன் ஒரேயடியாகச் சொல்வதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். நான் ஷாக் வைத்த மலை சைக்கிளில்தான் வேலைக்குப் போகிறேன். எங்கள் பக்கம் தார் ஒட்டுப்போட்ட குழிகள் ஏராளம். கைக்கு எவ்வளவோ இதமாக இருக்கிறது.

கரையோரம்

நல்ல ஷாக் நல்லதுதான் சகோ, அதில் வாதம் இல்லை. 2,000 வெள்ளிக்குள் வரும் சைக்கிளில் எந்த ஷாக் வரும் என்பதுதான் கேள்வி. உள்ளே பெரும்பாலும் வெறும் கம்பிச்சுருள்தான் இருக்கும். சாதாரண ஃபோர்க்கைவிட ஒரு கிலோவுக்கு மேல் கூடுதல் எடை. ஏறி மிதிக்கும்போது மேலும் கீழும் ஆடும், மிதிக்கிற பலத்தில் ஒரு பங்கு அதற்கே போய்விடும். நம் மழையில் குழாயின் ஓரத்து ரப்பர் தேய்ந்து தண்ணீர் இறங்கினால் இறுகிப் போய்விடும், திறந்து சுத்தம் செய்யக் கொடுக்கும் கூலிக்கு ஒரு நல்ல டயர் வாங்கலாம். 40 மி.மீ. டயரில் காற்றைக் கொஞ்சம் குறைத்து ஓட்டினால் சாலை அதிர்ச்சியில் பெரும்பகுதியை டயரே வாங்கிக்கொள்ளும்.

ஏற்கெனவே மலை சைக்கிள் வைத்திருப்பவர் அதை விற்க வேண்டியதில்லை. முள் டயரைக் கழற்றிவிட்டு வழுவழுப்பான டயர் போட்டாலே பாதி வேறு சைக்கிள் ஆகிவிடும். டயரின் பக்கவாட்டில் 37-622 என்பது போல் எண் இருக்கும். முதல் எண் அகலம், இரண்டாவது ரிம்மில் டயர் உட்காரும் விட்டம், இரண்டும் மில்லிமீட்டரில். 26 அங்குல மலை சைக்கிளுக்கு 559, 700சிக்கும் 29 அங்குலத்துக்கும் 622. 20 அங்குல மடக்கு சைக்கிளில் 406, 451 என்று இரண்டு உண்டு, ஒன்றின் டயர் மற்றதில் ஏறாது. டியூப் வாங்கப் போகும்போது அந்த எண்ணைப் படம் பிடித்துக்கொண்டு போங்கள்.

பழைய_ராலி

தம்பிக்கு இடுப்பு வலி என்று படித்ததும் எழுதத் தோன்றியது. என் அப்பா கூலிமில் சைக்கிள் கடை வைத்திருந்தார். தோட்டத்தில் பால்மரம் (ரப்பர்) வெட்டுபவர்கள், கிராணிகள் (தோட்டத்துக் குமாஸ்தாக்கள்), ரொட்டி விற்கும் பாய்மார் எல்லாருடைய சைக்கிளும் அந்தக் கடைக்கு வரும். ராலி சைக்கிளில் ஸ்டர்மி ஆர்ச்சர் மூன்று கியர் ஹப் (பின் சக்கரத்தின் நடு உருளைக்குள்ளேயே கியர் இருக்கும்), முழு செயின் கவர், கனமான இரும்புக் கேரியர், பின்னால் வளைந்த ஹேண்டில்பார். அதில் உட்கார்ந்தால் முதுகு நிமிர்ந்துதான் இருக்கும். பால் வாளியைக் கட்டிக்கொண்டு செம்மண் பாதையில் போனவர்கள் அதைத்தான் விரும்பினார்கள். வேலைக்கான சைக்கிளின் அடிப்படை இன்றும் அதேதான்.

வசதி என்றால் எல்லாரும் முதலில் சீட்டை விரலால் அமுக்கிப் பார்க்கிறார்கள். மெத்தென்று இருந்தால் நல்லது என்று எண்ணம். நம் எடையைத் தாங்க வேண்டியது இடுப்பின் அடியில் இருக்கும் இரண்டு எலும்பு முனைகள். மெத்தை அதிகமானால் அவை உள்ளே அமிழும், நடுப்பகுதி மேலே பிதுங்கும், அங்கே ஓடும் நரம்பு அமுங்கும். அரைமணி நேரத்தில் மரத்துப்போகும். கொஞ்சம் கெட்டியாக, உங்கள் எலும்பின் அகலத்துக்கு ஏற்ற சீட்தான் நீண்ட தூரத்துக்கு இதம்.

அந்த அகலத்தை வீட்டிலேயே அளக்கலாம். மெத்தை இல்லாத நாற்காலியில் ஒரு நெளி அட்டைப் பெட்டித் துண்டைப் போட்டு, முதுகு நிமிர்த்தி உட்கார்ந்து, இரண்டு முழங்காலையும் கொஞ்சம் தூக்கிவிட்டு எழுந்திருங்கள். அட்டையில் இரண்டு குழி விழுந்திருக்கும். வெளிச்சத்தைச் சாய்வாகப் பிடித்தால் நன்றாகத் தெரியும். ஒரு குழியின் நடுவிலிருந்து மற்றதன் நடு வரை அளந்து, நிமிர்ந்து ஓட்டுபவர் அதோடு மூன்று நான்கு சென்டிமீட்டர் கூட்டிக்கொள்ளலாம். 11 செ.மீ. என்று வந்தால் 14, 15 செ.மீ. அகல சீட் தேடுங்கள்.

அப்புறம் உயரம். சீட்டில் உட்கார்ந்து, பெடல் அடியில் இருக்கும்போது குதிகாலை அதில் வைத்தால் கால் நேராக நீள வேண்டும். பிறகு பாதத்தின் முன்பகுதியை வைத்து மிதிக்கும்போது முழங்கால் தானாகச் சிறிது மடங்கியிருக்கும். புதிதாக ஓட்டுகிறவர்கள் இரண்டு காலும் தரையில் பதிய வேண்டும் என்று சீட்டை இறக்கிவிடுவார்கள், மாதக் கணக்கில் அப்படி ஓட்டினால் முழங்கால் போய்விடும். நிற்கும்போது சீட்டிலிருந்து முன்னால் இறங்கி நிற்கப் பழகுங்கள்.

ஹேண்டில்பார் சீட்டின் உயரத்துக்குச் சமமாகவோ சற்று மேலேயோ இருக்கட்டும். புது சைக்கிளைக் கோக்கும்போது ஃபோர்க்கின் மேல் குழாயை அழகுக்காகக் குட்டையாக அறுத்துவிடும் பழக்கம் சில கடைகளில் உண்டு. அறுக்க வேண்டாம், அந்தக் குழாயில் கோத்திருக்கும் வளையங்களை அப்படியே விடுங்கள் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அறுத்துவிட்டால் பிறகு ஹேண்டில்பாரை மேலே ஏற்றுவது பெரும்பாடு.

பீச்_ஸ்ட்ரீட்_அக்கா

ஐயா சொன்ன செயின் கவரை நான் கையெடுத்துக் கும்பிடுவேன். நான் பூலாவ் தீக்குஸிலிருந்து பீச் ஸ்ட்ரீட் அலுவலகத்துக்குப் பஞ்சாபி சூட் போட்டுக்கொண்டே போகிறேன். தனியாக சைக்கிள் உடுப்பு கிடையாது. அதற்குக் காரணம் சைக்கிள்தான்: மேல் கம்பி தாழ்ந்த ஃபிரேம், அதனால் காலைப் பின்னால் வீசி ஏற வேண்டியதில்லை. செயின் முழுக்க மூடியிருக்கிறது. பின் சக்கரத்தின் மேல்பாதியில் இரண்டு பக்கமும் துணிக் காப்பு கட்டியிருக்கிறேன், ஷால் கம்பியில் சிக்காது.

தாழ்ந்த ஃபிரேமைப் பெண்கள் சைக்கிள் என்று ஒதுக்காதீர்கள் தம்பி. பின்னால் கேரியரில் மூட்டை உயரமாக இருக்கும்போது ஆண்களும் காலைத் தூக்கி வீச முடியாது. இடுப்பு வலி உள்ளவருக்கு இது பெரிய உதவி.

பையை முதுகில் மாட்டாதீர்கள். நம் வெயிலில் சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும். கேரியரின் பக்கவாட்டில் தொங்கும் பை வாங்குங்கள், தண்ணீர் புகாத வகை. அதில் ஒன்று கவனிக்க வேண்டும். பின் சக்கரத்துக்கும் பெடலுக்கும் இடைவெளி குறைந்த ஃபிரேமில் குதிகால் பையை இடித்துக்கொண்டே இருக்கும். கடையிலேயே ஒரு பையைத் தொங்கவிட்டு மிதித்துப் பாருங்கள். டிபன் கேரியர் பக்கவாட்டுப் பையில் போனால் சாய்ந்து குழம்பு கொட்டும். முன்னால் ஒரு கூடை போட்டு, அதில் நிமிர்த்தி வைத்து, மேலே ரப்பர் வலை போட்டுவிடுங்கள். கூடையில் அதிகச் சுமை ஏற்றினால் ஹேண்டில்பார் ஒரு பக்கம் இழுக்கும், சாப்பாடு மட்டும் என்றால் பிரச்சினை இல்லை.

வியர்வைக்கு என் வழி: அலுவலகத்தில் ஒரு செட் உடுப்பும் துண்டும் வைத்திருக்கிறேன், கொஞ்சம் முன்னதாகப் போய் மின்விசிறியில் உட்கார்ந்து உடம்பு ஆறியதும்தான் மாற்றுவேன். உடனே மாற்றினால் புதுச் சட்டையும் நனைந்துவிடும்.

நட்டு_போல்டு

ஹப் கியருக்கு எல்லாரும் மாலை போடும் முன் ஒரு வார்த்தை. நம்மூரில் எந்தக் கடையிலும் பின்னால் பல்சக்கர அடுக்கு வைத்த சாதாரண கியருக்குச் சாமான் கிடைக்கும். எட்டு கியர் செயின் மலிவு, மாற்றுவது பத்து நிமிட வேலை. ஹப் கியர் உள்ளே கெட்டால் திறந்து பார்க்கத் தெரிந்தவர்கள் குறைவு. பின் டயர் பஞ்சர் ஆனால் கியர் கம்பியைக் கழற்றி, 15 எண் ஸ்பேனரால் நட்டைத் திருகி எடுக்க வேண்டும். லோரிகள் ஓடும் தொழிற்பேட்டைச் சாலையில் இடது ஓரத்தில் கிடக்கும் கம்பித் துணுக்குதான் முக்கால்வாசி பஞ்சருக்குக் காரணம், அதனால் பின் சக்கரத்தைக் கழற்றும் வேலை வரத்தான் செய்யும். 2,000 வெள்ளிக்குள் புதுசாக நல்ல ஹப் கியர் சைக்கிள் தேடினால் அலைச்சல்தான். முன்னால் ஒரே பல்சக்கரம், பின்னால் எட்டு, இது போதும் உங்கள் பாதைக்கு.

பழைய_ராலி

பராமரிக்கத் தெரிந்தவருக்கு நீங்கள் சொல்வது சரி. தெரியாதவருக்கு? பல்சக்கர அடுக்கில் கியரை மிதித்துக்கொண்டேதான் மாற்ற முடியும். சிவப்பு விளக்கில் திடீரென்று நிற்க நேர்ந்தால் கனமான கியரிலேயே மாட்டிக்கொள்வார், கிளம்பும்போது முழங்காலில் பாரம். ஹப் கியரை நின்றபடியே மாற்றலாம். ஷிமானோ நெக்ஸஸ் ஏழு கியரில் மிகக் கனமானது மிக லேசானதைப் போல ஏறக்குறைய இரண்டரை மடங்கு, சமதளத்துக்கும் பாலத்தடி ஏற்றத்துக்கும் தாராளம். எல்லாம் உறைக்குள் இருப்பதால் கடற்கரை உப்புக்காற்றும் மழைச் சேறும் உள்ளே போவது குறைவு. செயின் ஒரே கோட்டில் ஓடுவதால் மெதுவாகத் தேயும், முழுக் கவரும் போடலாம்.

நட்டு_போல்டு

நின்றபடி மாற்றலாம் என்பது பெரிய வசதி, ஒத்துக்கொள்கிறேன் ஐயா. விலையும் பழுதும்தான் என் கவலை. நல்ல நிலையில் இருக்கும் பழைய ஹப் கியர் சைக்கிள் கிடைத்தால் எடுக்கட்டும், புதுசு என்றால் எட்டு கியர்.

கடலோரத்தில் ஓட்டுகிறவர் எந்த கியர் வைத்திருந்தாலும் செயினை வாரம் ஒரு தடவை பழைய துணியால் துடைத்து, ஒவ்வொரு கணுவிலும் ஒரு துளி எண்ணெய் விட்டு, மேலே வழிந்ததை மறுபடி துடைத்துவிட வேண்டும். மேலே எண்ணெய் நின்றால் மணலைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

பட்டர்வொர்த்_பெரி

மடக்கு சைக்கிள் பற்றி யாரும் பேசவில்லை. அக்கரையிலிருந்து வருகிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: பெரியில் (தீவுக்குப் போகும் படகில்) ஏற மடக்கு சைக்கிள் தேவையே இல்லை. இப்போது ஓடும் பெரி கார்களை ஏற்றுவதில்லை. ஆட்கள், மோட்டார், சைக்கிள் மட்டும்தான். முழு சைக்கிளைத் தள்ளிக்கொண்டே ஏறிவிடலாம். பினாங்குப் பாலம், இரண்டாம் பாலம் இரண்டிலும் சைக்கிளுக்கு அனுமதி இல்லை என்பதால் எங்களுக்குப் பெரிதான் வழி.

செந்தூல்_வாசி

கோலாலம்பூரில் கதை வேறு. எல்ஆர்டியிலும் எம்ஆர்டியிலும் மடக்கு சைக்கிளை மடித்துக் கொண்டு போகலாம். நான் வீட்டிலிருந்து நிலையம் வரை மிதித்து, ரயிலில் ஏறி, இறங்கிய இடத்திலிருந்து மறுபடி மிதிக்கிறேன். எங்களைப் போன்றவர்களுக்கு மடக்கு சைக்கிள் தங்கம். 16 அங்குல பிராம்ப்டன் ரொம்பச் சின்னதாக மடியும், ஆனால் விலை பல ஆயிரம் வெள்ளி. 20 அங்குலத்தில் நம் கைக்கு எட்டும் விலையில் நிறைய இருக்கின்றன.

தம்பி முழுப் பாதையும் மிதிக்கப் போகிறார், ரயில் இல்லை. அவருக்கு மடக்கு சைக்கிளால் என்ன லாபம் என்றால் வீட்டில் இடம் மிச்சம், மேசைக்கு அடியில் வைக்கலாம், திருட்டுப் பயம் இல்லை. நஷ்டம்: சின்னச் சக்கரம் குழியில் ஆழமாக இறங்கும், லோங்காங் (சாக்கடை) மூடியின் இடைவெளியில் மாட்டிக்கொள்ள வாய்ப்பு அதிகம், ஹேண்டில்பார் கொஞ்சம் துறுதுறுவென்று இருக்கும். அந்தக் கடலோரப் பாதையை நான் பார்த்திருக்கிறேன். பெரிய சக்கரம் எடுங்கள்.

ஜெலுத்தோங்_மாடி9

இவ்வளவு அக்கறையாக எழுதியிருக்கிறீர்கள், ரொம்ப நன்றி. அட்டைப் பெட்டி அளவு எடுத்துப் பார்த்தேன், 11.5 செ.மீ. வந்தது. மேல் கம்பி தாழ்ந்த ஃபிரேம் எனக்கும் சரியாகப் படுகிறது.

இன்னும் மூன்று சந்தேகம். மழை பெய்தால் என்ன செய்வது? காலை ஷிப்ட் ஏழு மணிக்கு, விளக்கு எப்படிப்பட்டது வேண்டும்? பேட்டரி சைக்கிள் வாங்கிவிடு என்று நண்பர்கள் சொல்கிறார்கள், அதற்கு என்ன சொல்கிறீர்கள்?

கரையோரம்

விளக்கிலிருந்து தொடங்குகிறேன், அதுதான் உயிர் விஷயம். 1982 ஜனவரியில் தீபகற்பத்துக் கடிகாரத்தை அரைமணி முன்னால் தள்ளினார்கள். அதனால் நமக்குச் சூரியன் ஏழு மணிக்குப் பிறகுதான் எழுகிறது. ஏழு மணி ஷிப்டுக்கு நீங்கள் ஆறு மணிக்குக் கிளம்பினால், வருடம் முழுக்க, போகும் வழி மொத்தமும் இருட்டுதான். அதனால் விளக்கைக் கடைசியில் மிச்சக் காசுக்கு வாங்கும் சாமானாக நினைக்காதீர்கள்.

முன் விளக்கு உங்களுக்குப் பாதை தெரிவதற்கு. கடலோரப் பாதையில் வெளிச்சமில்லாத இடங்கள் உண்டு, அங்கே நடக்கிறவர்களும் எதிரே சைக்கிளில் வருகிறவர்களும் இருப்பார்கள். மேல் பக்கம் வெட்டிய ஒளி தரும் விளக்கு கிடைத்தால் அவர்கள் கண் கூசாது. பின் விளக்கு இரண்டு: ஒன்று எப்போதும் எரியட்டும், இன்னொன்று மினுக்கட்டும், ஒன்று தீர்ந்தாலும் மற்றது இருக்கும். யூஎஸ்பியில் சார்ஜ் ஆகும் வகையை வேலையிடத்திலேயே போட்டு வைக்கலாம். முன் ஹப்பில் டைனமோ உள்ள சைக்கிள் கிடைத்தால் அதைவிட நிம்மதி கிடையாது, சார்ஜ் என்ற பேச்சே இல்லை. சட்டையில் பிரதிபலிக்கும் பட்டையைவிடக் கணுக்காலில் கட்டும் பட்டை நன்றாகத் தெரியும், மிதிக்கும்போது மேலும் கீழும் அசைவதால் பின்னால் வரும் லோரிக்காரர் சைக்கிள் என்று சட்டென்று புரிந்துகொள்வார்.

மழைக்கு: நம் தீவில் செப்டம்பர், அக்டோபர் மாதங்களில்தான் கொட்டித் தீர்க்கும், பெரும்பாலும் பிற்பகலுக்கு மேல். இடி மின்னல் என்றால் கடலோரத்தில் நிற்கக்கூடாது, எங்காவது ஒதுங்கிவிடுங்கள். வெறும் மழை என்றால் நான் நனைந்துகொண்டே வீட்டுக்குப் போய்விடுவேன், குளிரும் ஊரா இது? மேலிருந்து விழும் தண்ணீர் பிரச்சினையே இல்லை. சக்கரம் வாரி அடிக்கும் சேற்றுத் தண்ணீர்தான் பிரச்சினை. 38 மி.மீ. டயருக்கு 45 மி.மீ. அல்லது அதைவிட அகலமான மட்கார்டு வேண்டும். முன் மட்கார்டின் அடியில் ரப்பர் மடல் தரைக்குப் பக்கம் வரை தொங்க வேண்டும். அது இல்லாவிட்டால் முன் சக்கரத் தண்ணீர் நேராகச் செருப்பிலும் செயினிலும்தான் அடிக்கும். சீட்டுக் குழாயில் சும்மா மாட்டும் குட்டி மட்கார்டு வேண்டாம்.

ரெலாவ்_மேடு

பேட்டரி சைக்கிள் பற்றி நான் சொல்கிறேன், வீட்டில் அண்ணன் வைத்திருக்கிறார். இங்கே சைக்கிள் என்ற கணக்கில் வர வேண்டுமானால் மோட்டார் 250 வாட்டுக்குள், வேகம் மணிக்கு 25 கி.மீ.க்குள் இருக்க வேண்டும். அதற்கு மேல் போகும் வண்டிகளைச் சிலர் சைக்கிள் என்று விற்கிறார்கள். நின்றபடி ஓட்டும் மின் ஸ்கூட்டரைச் சாலையில் ஓட்டத் தடையே இருக்கிறது. எங்கள் மேட்டுக்கு பேட்டரி உண்மையிலேயே உதவும். உங்கள் சமதளத்துக்குத் தேவைப்படாது. நல்லதொன்று 20 கிலோவைத் தாண்டும், ஒன்பதாம் மாடியில் இருக்கிறீர்கள், லிஃப்ட் நின்றுபோன நாளை நினைத்துப் பாருங்கள்.

நட்டு_போல்டு

2,000 வெள்ளிக்கு நல்ல பேட்டரியும் நல்ல சைக்கிளும் சேர்ந்து வராது. மலிவான பேட்டரியை வீட்டுக்குள் வைத்து இரவெல்லாம் சார்ஜ் போடுவதை நான் யாருக்கும் சொல்லமாட்டேன்.

ஜெலுத்தோங்_மாடி9

சனிக்கிழமை இரண்டு கடை ஏறி இறங்கினேன். இரண்டு சைக்கிள் மனதுக்குப் பிடித்திருக்கிறது.

முதலாவது: மேல் கம்பி தாழ்ந்த அலுமினிய ஃபிரேம், ஷாக் இல்லை, 38 மி.மீ. டயர், முன்னால் ஒன்று பின்னால் எட்டு கியர், ரிம்மைப் பிடிக்கும் வி பிரேக். எல்லா ஓட்டையும் இருக்கிறது. 1,390 வெள்ளி. இரண்டாவது: முன்னால் ஷாக், 42 மி.மீ. டயர், முன்னால் மூன்று பின்னால் ஏழு, கம்பியால் இழுக்கும் டிஸ்க் பிரேக். 1,580 வெள்ளி. கேரியர் மாட்டும் ஓட்டை இருக்கிறது, ஆனால் பிரேக் பெட்டி அதை இடிக்கிற மாதிரி வெளியே நிற்கிறது. மழையில் டிஸ்க்தான் பாதுகாப்பு என்று கடையில் சொன்னார்கள். அதனால் தயங்குகிறேன்.

கரையோரம்

மழையில் டிஸ்க் நன்றாகப் பிடிக்கும், உண்மை. வி பிரேக்கில் ரிம் நனைந்திருந்தால் முதல் ஓரிரு சுற்று தண்ணீரைத் துடைக்கவே போய்விடும், அப்புறம்தான் பிடி வரும். அதற்குத் தகுந்தபடி முன்னாலேயே லேசாகத் தொட்டுக்கொண்டு ஓட்டப் பழக வேண்டும். நீங்கள் ஓட்டப்போவது சமதளத்தில், மணிக்குப் பதினைந்து பதினெட்டு கிலோமீட்டர் வேகத்தில். நல்ல பிரேக் கட்டை போட்டால் வி பிரேக் போதும். மாதம் ஒரு முறை கட்டையில் பதிந்திருக்கும் மணலையும் அலுமினியத் துணுக்கையும் ஊசியால் கிளறி எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் ரிம்மை அரம் மாதிரி தேய்த்துவிடும்.

எனக்கு முதலாவதுதான். மிச்சம் 610 வெள்ளி இருக்கிறதே, அதில்தான் உங்கள் சைக்கிள் முழுமையாகும்: மட்கார்டு, 25 கிலோ தாங்கும் கேரியர், விளக்குகள், நல்ல யூ பூட்டு, பக்கவாட்டுப் பை.

நட்டு_போல்டு

நான் டிஸ்க் பக்கம்தான், ஆனால் இந்த இரண்டில் கேட்டால் முதலாவது. ஷாக்கும் மூன்று பல்சக்கரமும் இந்தப் பாதையில் வீண் பாரம். கேரியர் இடிக்கும் சிக்கலுக்குக் கால் அகன்ற தனிக் கேரியர் உண்டு, அதற்கும் கூடுதல் காசு.

பணம் எடுத்து வைக்கும் முன் கடைக்கு வெளியே ஓட்டி, வலது தோளுக்கு மேல் திரும்பிப் பின்னால் பாருங்கள். நாம் இடது பக்கம் ஓட்டுகிறவர்கள், ஓரத்தில் நிற்கும் காரைத் தாண்டும்போதெல்லாம் வலப்பக்கம் திரும்பிப் பார்க்க வேண்டும், அந்தக் காரின் கதவு திறக்கும் தூரத்தையும் விட்டுப் போக வேண்டும். திரும்பும்போது ஹேண்டில்பார் கூடவே இழுத்துக்கொண்டு போனால் உட்காரும் நிலை உங்களுக்குச் சரியாக அமையவில்லை, சீட்டையும் ஹேண்டில்பாரையும் மாற்றி வைத்து மறுபடி ஓட்டிப் பாருங்கள்.

பீச்_ஸ்ட்ரீட்_அக்கா

பூட்டும்போது ஃபிரேமையும் பின் சக்கரத்தையும் சேர்த்துப் பூட்டுங்கள் தம்பி. சாமான் வாங்க டவுன் பக்கம் வந்தால் அஞ்சடித் (கடை வரிசைக்கு முன்னால் உள்ள கூரையிட்ட நடைபாதை) தூணில் கட்டி நடைபாதையை அடைக்காதீர்கள், சக்கர நாற்காலியில் வருகிறவர்களுக்கு வேறு வழி கிடையாது.

ஜெலுத்தோங்_மாடி9

முதலாவதுக்கு முன்பணம் கட்டிவிட்டேன். ஃபோர்க் குழாயை அறுக்க வேண்டாம் என்று ஐயா சொன்னதை அப்படியே சொன்னேன், சரி என்றார்கள். பின்னால் திரும்பிப் பார்த்தும் ஓட்டினேன், நேராகப் போனது. காற்று எவ்வளவு அடிக்க வேண்டும்? வீட்டில் பம்ப் இல்லை.

கரையோரம்

டியூபில் கார் டயரில் வருவது போன்ற தடித்த வால்வுதானா என்று பாருங்கள், அதுதான் என்றால் பெட்ரோல் நிலையத்திலேயே அடிக்கலாம். அங்கே எண் கிலோபாஸ்கலில் இருக்கும். உங்கள் 38 மி.மீ. டயருக்குப் பின்னால் 350, முன்னால் 300 என்று தொடங்குங்கள், சுமை அதிகமான நாளில் பின்னால் கொஞ்சம் கூட்டலாம். டயரின் பக்கவாட்டில் போட்டிருக்கும் உச்ச அளவைத் தாண்டக்கூடாது. கார் டயரோடு ஒப்பிட்டால் சைக்கிள் டியூப் ரொம்பச் சின்னது, காற்று நொடியில் ஏறிவிடும், அதனால் எண்ணை முதலில் அமைத்துவிட்டுத்தான் குழாயைச் செருக வேண்டும். ஒரு கைப்பம்பும் மாற்று டியூபும் பையில் எப்போதும் இருக்கட்டும்.

ரெலாவ்_மேடு

அண்ணே, என் 26 அங்குல மலை சைக்கிளுக்கு வழுவழுப்பான டயர் போடலாம் என்று மேலே சொன்னீர்களே, எந்த அகலம் போடலாம்? நீங்கள் சொன்ன மாதிரி எண்ணைப் பார்த்தேன், 54-559 என்று இருக்கிறது.

கரையோரம்

47-559 அல்லது 50-559 தேடுங்கள் சகோ. உங்கள் பக்கத்துக் குழிக்கு அதைவிட ஒல்லியாகப் போக வேண்டாம். ஷாக்கைப் பூட்டும் குமிழ் இருந்தால் மேடு ஏறும்போது பூட்டிக்கொள்ளுங்கள்.